யார் சாப்பாடு போட்டது? ஆறு வீடுகள், இரண்டு குழந்தைகள், ஒரு நோட்டு

ஊருக்குப் போகிறவர்களின் வீட்டில் தங்கி அவர்கள் பிராணியைப் பார்த்துக்கொள்ள என்னிடம் யோசனை கேட்டுக் கிளம்பிய ஒரு குடும்பம். அவர்கள் தங்கிய முதல் வீட்டில் மூன்றாம் நாள் காலை பூனை வாந்தி எடுத்தது. நோய் ஒன்றும் இல்லை. ஏழு மணிக்கு அம்மா ஒரு கிண்ணம் சாப்பாடு வைத்திருந்தார். அரை மணி கழித்து, அது தன் வேலை என்ற ஞாபகத்தில் மகள் ஒரு கிண்ணம் வைத்தாள். குளித்துவிட்டு வந்த அப்பா, காலிக் கிண்ணத்தையும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து உருக்கமாகக் கத்தும் பூனையையும் பார்த்தார். பாவம் என்று அவரும் ஒரு கிண்ணம் வைத்தார். மூன்றையும் முடித்துவிட்டு, நான்காவதற்காக மகனின் காலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது எல்லாம் வெளியே வந்தது.

அன்று மாலை அப்பா எனக்கு அனுப்பிய செய்தி: "அக்கா, நீங்க சொன்ன மாதிரியே வேலையைப் பிரிச்சுக் கொடுத்தோம். பூனைக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

பிரித்துக் கொடுக்கச் சொன்னது நான்தான். குழந்தைக்கு ஒரு வேலை கொடுத்தால் பொறுப்பு தானாக வரும் என்பது அப்போது என் நம்பிக்கை. சாப்பாடு வைப்பது மகளுக்கு, முடி வாருவது மகனுக்கு, நடத்திக்கொண்டு போவது அப்பாவுக்கு என்று அட்டவணையே போட்டுக் கொடுத்திருந்தேன். அந்த அட்டவணை தவறு என்று எனக்குப் புரிவதற்கு இரண்டு வீடுகள் ஆயின. புரிய வைத்தது ஒரு நாயும் ஐந்து வயதுப் பையனும்.

குடும்பம்

ஹவுஸ் சிட்டிங், பெட் சிட்டிங் என்று சொல்லப்படும் ஏற்பாட்டை அறியாதவர்களுக்காக: வீட்டுக்காரர் வெளியூர் போகும் நாட்களில் இன்னொருவர் வந்து தங்கி, வீட்டையும் அங்குள்ள பிராணிகளையும் பார்த்துக்கொள்வார். பெரும்பாலும் இருவருக்குள் பணம் கைமாறாது. வந்தவருக்குத் தங்க இடம், போனவருக்கு நிம்மதி. உறவுக்குள்ளும் அக்கம்பக்கத்திலும் காலங்காலமாக நடந்ததுதான். முன்பின் தெரியாதவர்களை இணைக்கும் இணையதளங்கள் வந்த பிறகு இதையே வாழ்க்கைமுறையாக வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனில் 2010இல் தொடங்கிய ட்ரஸ்டட்ஹவுஸ்சிட்டர்ஸ் அவற்றில் பரவலாக அறியப்பட்ட ஒன்று. நான் பழகிய சிட்டர்களில் தனியாட்களும் ஓய்வு பெற்ற தம்பதிகளும்தான் அதிகம். குழந்தைகளோடு போகிறவர்கள் மிகக் குறைவு.

நான் 11 வருடங்களாக இப்படிப் போய்த் தங்குகிறவள். இந்தக் குடும்பம் யோசனை கேட்டு வந்தபோது மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து நிறைய இரண்டு மாதம் இருந்தது. பெற்றோர் இருவருக்கும் மடிக்கணினி இருந்தால் எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலை. 14 மாதங்களில் ஆறு வீடுகள். மிகக் குறைந்தது ஐந்து நாள், மிக நீண்டது ஏழு வாரம். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னும் பின்னும் நால்வரிடமும் பேசினேன். அவர்கள் அனுப்பிய செய்திகளும், பிறகு மகள் வைத்திருந்த நோட்டும் என் கையில் உள்ளன. பெயர்களையும் ஊர்களையும் விட்டுவிடுகிறேன்.

ஏன் இதற்கு வருகிறீர்கள் என்று முதல் நாள் கேட்டேன். அம்மா ஒளிக்காமல் சொன்னார்: "பிள்ளைங்க நாய் வேணும்னு ஒரு வருஷமா கேக்குறாங்க. எங்களுக்கு 15 வருஷப் பொறுப்பை எடுத்துக்கப் பயமா இருக்கு. அடுத்தவங்க நாயைக் கொஞ்ச நாள் பாத்துக்கிட்டா ஆசையும் தீரும், ஊரும் பாத்த மாதிரி இருக்கும்." நேர்மையான பதில்தான். ஆனால் அந்தக் கணக்கில் நாய்க்கு என்ன கிடைக்கிறது என்பது இல்லை. அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். அட்டவணை போடும் உற்சாகத்தில் விட்டுவிட்டேன்.

ஒரு வாய்ப்பை மட்டும் தொடக்கத்திலேயே வேண்டாம் என்று சொன்னேன். அந்த வீட்டில் இரண்டு ஆமைகள் இருந்தன. ஆமை, ஓணான், பாம்பு போன்றவற்றின் உடலிலும் தொட்டித் தண்ணீரிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். பார்வைக்கு அவை நன்றாகவே இருக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருக்கும் இடத்தில் அவை வேண்டாம் என்பது பொது சுகாதார அமைப்புகள் திரும்பத் திரும்பச் சொல்வது. பையனுக்கு அப்போது ஐந்து நிறையவில்லை. அவன் கை வாயில் இல்லாத நேரமும் குறைவு.

கொட்டாவி

இரண்டாம் வீட்டில் நடுத்தர அளவில் ஒரு நாய். வீட்டுக்காரரின் குறிப்பில் "குழந்தைகள் என்றால் உயிரை விடும்" என்று எழுதியிருந்தது. வந்த இரண்டாம் நாள், அட்டவணைப்படி பையன் சீப்பை எடுத்துக்கொண்டு போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். நாய் தன் மெத்தையில் சுவரோரமாகப் படுத்திருந்தது. எழுந்து போக வழியில்லாத மூலை அது. இரண்டு மூன்று தடவை வாரிவிட்டான். நாயின் உடம்பு விறைத்தது. பிறகு உறுமியது.

அம்மா ஓடிவந்து நாயைத்தான் அதட்டினார். அப்பா சமயோசிதமாகக் கதவருகே போய்க் கயிற்றை எடுத்து ஆட்டினார். வெளியே போகிற சத்தம் கேட்டதும் நாய் எழுந்து அவரிடம் போய்விட்டது. யாருக்கும் காயம் இல்லை. அப்பா வீட்டுக்காரருக்குத் தகவல் சொன்னபோது, "ஆமா, போன வருஷம் என் தங்கச்சி பையன்கிட்டயும் ஒரு தடவை உறுமினான்" என்று சாதாரணமாகப் பதில் வந்தது. முன்பே சொல்லியிருந்தால் அந்த வீட்டுக்கே அனுப்பியிருக்க மாட்டேன். அவர் பொய் சொன்னதாகவும் நான் நினைக்கவில்லை. தன் நாயைப் பற்றி எழுதும்போது எல்லோரும் அதன் நல்ல நாட்களைத்தான் எழுதுகிறார்கள். அதன்பின் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "குழந்தைகளோடு நல்லபடியாக இருக்குமா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "கடைசியாக எப்போது உறுமியது, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள், என்ன நடந்துகொண்டிருந்தது?" என்று கேட்டால் கதை வரும்.

தெருநாய்கள் அதிகம் இல்லாத நாடுகளில், குழந்தைகளை நாய் கடிக்கும் சம்பவங்களில் பெரும்பாலானவை முன்பின் தெரியாத நாயால் நிகழ்பவையாக இல்லை. தெரிந்த நாய், பழகிய வீடு, பக்கத்திலேயே பெரியவர்கள். சின்னக் குழந்தைகளின் முகமும் கழுத்தும் நாயின் வாய் உயரத்தில் இருப்பதால் காயமும் பெரும்பாலும் அங்கேதான். கடித்துவிட்டால், கீறலாக இருந்தாலும், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் ரேபிஸ் வழிகாட்டல். 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்பது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கையைக் கழுவிப் பார்த்தால்தான் தெரியும்.

உறுமலுக்காக நாயைத் திட்டக் கூடாது என்பதை அம்மாவுக்குப் புரியவைக்க அரை மணி ஆயிற்று. உறுமல் எச்சரிக்கை மணி. மணியடித்ததற்கு அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய் அடுத்த தடவை மணியடிக்காமல் நேராகக் கடிக்கும்.

அன்று இரவு பையனிடம் பேசினேன். பயந்துபோயிருப்பான் என்று நினைத்து மெதுவாகத் தொடங்கினேன். அவன் பாட்டுக்குச் சொன்னான்: "அதுக்குத் தூக்கம் வந்துச்சு. மூணு தடவை கொட்டாவி விட்டுச்சு. உதட்டை நக்கிக்கிச்சு. அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிட்டு, கண்ணு மட்டும் என்னைப் பாத்துச்சு, வெள்ளையா தெரிஞ்சுச்சு."

நாய்களின் உடல்மொழியைப் பற்றிய எந்தப் பாடமும் இந்த நான்கோடுதான் தொடங்கும். தூக்கமில்லாத நேரத்துக் கொட்டாவி, எதிரில் தீனி இல்லாதபோது உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கடைக்கண்ணில் வெள்ளை தெரிவது. நான்கும் சேர்ந்து வந்தால் "போதும், என்னை விடு" என்று பொருள். ஐந்து வயதுக் குழந்தை நான்கையும் பார்த்திருக்கிறான், வரிசை மாறாமல் சொல்கிறான். அந்த நேரத்தில் "என்ன பார்க்கிறாய்?" என்று அவனைக் கேட்க ஆள் இல்லை. அவன் கையில் சீப்பைக் கொடுத்திருந்தோம். வாருவதுதான் அவன் வேலை. வேலையை அவன் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தான்.

பார்த்துக்கொள் என்கிறோம். அந்தச் சொல்லில் கண் முதலில் வருகிறது. 11 வருடங்களாக அதே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தும், குழந்தைகளுக்கு நான் கொடுத்ததெல்லாம் கைவேலையாகவே இருந்தது.

அட்டவணையைக் கிழித்தோம். சாப்பாடு, மருந்து, லிட்டர் பெட்டி (பூனை மலசலம் கழிக்கும் மணல் பெட்டி), கயிறு எல்லாம் பெரியவர்களுக்கு; ஒவ்வொன்றுக்கும் ஒரே ஆள். குழந்தைகளுக்குப் பார்க்கிற வேலை. தொட வேண்டுமென்றால் பிராணி தானாக அவர்களிடம் வர வேண்டும். வந்தால் மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அது நெருங்கி வந்தோ முட்டியோ மேலும் கேட்டால் இன்னும் மூன்று நொடி, கேட்காவிட்டால் அவ்வளவுதான். நாய்ப் பயிற்சியாளர்கள் வெகுநாளாகச் சொல்லிவரும் முறை இது. பையன் இதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டான்; சோபாவில் அப்பாவின் தலையைத் தடவிவிட்டு மூன்று எண்ணிக் கையை எடுப்பான்.

நோட்டு மகளின் யோசனை. கோடு போட்டு நான்கு பத்தி பிரித்தாள்: எப்போது, என்ன, யார், அப்புறம் அது என்ன செய்தது. மூன்றாவது பத்தி எதற்கு என்று கேட்டேன். "முதல் வீட்டுப் பூனையை மறந்துட்டீங்களா அத்தை?" என்றாள்.

புழுக்கைக் கணக்கு

மூன்றாம் வீட்டில் இரண்டு முயல்களும் ஒரு மீன் தொட்டியும். ஐந்து நாள்தான். மீன்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. ஒவ்வொரு நாளுக்கான தீனியையும் வீட்டுக்காரர் தனித்தனிச் சிமிழில் அளந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். கெட்டிக்காரர். தொட்டி மீன்கள் பட்டினியில் சாவதைவிட, மிஞ்சிய தீனி அழுகித் தண்ணீரில் அம்மோனியா ஏறிச் சாவதுதான் அடிக்கடி நடக்கும்.

முயல்கள்தான் பையனுக்குப் பள்ளிக்கூடம். பஞ்சு மாதிரி இருக்கிறதே, தூக்கலாமா என்பதுதான் முதல் கேள்வி. முயல் இரையாகப் பிறந்த பிராணி. மேலிருந்து ஒரு கை வந்து தூக்கினால், பருந்து தூக்குவதற்கும் பையன் தூக்குவதற்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. பயத்தில் பின்னங்காலால் உதைத்துத் திமிறும்போது தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளக்கூடும். இதை அப்பா அப்படியே சொன்னார், மழுப்பவில்லை. பையன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டான். இரண்டாம் நாள் ஒரு முயல் அவன் முழங்கையை மோந்து பார்த்தது. மூன்றாம் நாள் முதுகில் ஏறியது.

அவனுக்குக் கொடுத்த வேலை புழுக்கை எண்ணுவது. சிரிக்க வேண்டாம். முயலின் குடல் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அது அவசரச் சிகிச்சைக்கான நிலை, காலை வரை பார்க்கலாம் என்று விடக்கூடியது அல்ல. பெரியவர்கள் கூட்டித் தள்ளிவிட்டுப் போகும் அந்தப் புழுக்கையை, உட்கார்ந்து பத்துப் பத்தாகக் குவித்து எண்ணும் பொறுமை அந்த வயதில்தான் இருக்கும். எழுதத் தெரியாததால் நோட்டில் வட்டம் வட்டமாக வரைந்தான். அளவு சின்னதாக இருந்தால் சின்ன வட்டம். கால்நடை மருத்துவரிடம் காட்டினால் அவரே பாராட்டக்கூடிய பதிவு. எண்ணி முடித்ததும் கை கழுவ வைப்பதுதான் பெரும்பாடு.

நான்காம் நாள் வீடு அதிர ஒரு அலறல். "முயல் செத்துப்போச்சு!" ஓடிப் பார்த்தால் ஒரு முயல் பக்கவாட்டில் தொப்பென்று சாய்ந்து, கால்களை நீட்டி, கண் பாதி மூடிக் கிடக்கிறது. அம்மாவுக்கும் கை நடுங்கியிருக்கிறது. தொட்டதும் எரிச்சலோடு எழுந்து உட்கார்ந்தது. முயல் மிகவும் நிம்மதியாக இருக்கும்போது அப்படித்தான் சாயும். அன்று மாலைக்குள் இன்னொரு பொய் அலாரம்: மீன் கொட்டாவி விடுகிறதாம். இந்த இரண்டும் அடுத்த வீட்டில் வேறு விதமாகத் திரும்பி வந்தன.

ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவை

நான்காம் வீடுதான் ஏழு வாரம். இரண்டு பூனைகள். ஒன்று எல்லோருக்கும் சொந்தம். மற்றது, ஆறு வயது ஆண் பூனை, முதல் நான்கு நாள் கட்டிலுக்கு அடியில் இருந்து வெளியே வரவேயில்லை. இரவில் கிண்ணம் காலியாவதை வைத்துத்தான் அது உயிரோடிருப்பதே தெரிந்தது. பூனை இரண்டு மூன்று நாள் சுத்தமாகச் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு படியத் தொடங்கும், ஆகவே அந்தக் காலிக் கிண்ணம் முக்கியம். இன்னொரு பூனை தின்றிருக்கலாமே என்று கேட்டவள் மகள். இரண்டு கிண்ணங்களையும் தனித்தனி அறையில் வைக்க வைத்தாள்.

கட்டிலுக்கு எதிரே தரையில் படுத்துப் புத்தகம் படித்தாள். அவ்வப்போது அதன் பக்கம் திரும்பி, கண்ணை மெதுவாக மூடித் திறப்பாள். 2020இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியிட்ட முடிவு இது: மனிதர் கண்ணை மெல்லச் சுருக்கி மூடித் திறந்தால் பூனையும் பதிலுக்கு அப்படிச் செய்வது கூடுகிறது; அறிமுகமில்லாத ஆளாக இருந்தாலும், அப்படிச் செய்தவர் நீட்டும் கையை நெருங்கி வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஐந்தாம் நாள் பூனை கட்டிலுக்கு வெளியே உட்கார்ந்தது. நோட்டில் அன்றைய வரி: "மாலை 4.20. கண் மூடியது. யார்: நான், அது."

மூன்றாம் வாரத்தில் ஒரு மதியம். அம்மா அலுவலகக் கூட்டத்தில், காதில் ஹெட்செட்டோடு. மகள் வந்து சொன்னாள்: "அம்மா, அது அஞ்சு தடவை லிட்டர் பெட்டிக்குப் போயிட்டு வந்துச்சு." அம்மா கையைக் காட்டினார், அப்புறம் என்று. செத்த முயலும் கொட்டாவி விட்ட மீனும் அவர் நினைவில் இருந்தன. மகள் போனாள், மறுபடி வந்தாள். நோட்டை விரித்து அம்மாவின் கீபோர்டு மேலேயே வைத்தாள். 2.05, 2.15, 2.30, 2.40, 2.55. எல்லாவற்றுக்கும் நேராக, "உட்கார்ந்தது. கத்தியது. மணல் நனையவில்லை."

ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. படிகமோ சளிக்கட்டியோ அடைத்துக்கொண்டால் சிறுநீர் வெளியேறாமல், ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. மலச்சிக்கல் போலிருக்கிறது என்று பலர் ஒரு ராத்திரி காத்திருந்து விடுகிறார்கள். அம்மாவுக்கு இவ்வளவும் தெரியாது. நேரத்தோடு எழுதியிருந்ததைப் பார்த்ததும் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டார். அதுதான் அவர் செய்தது. மருத்துவமனையில், அடைப்பு இன்னும் முழுமையாகவில்லை, சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றார்கள். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

அங்கே இன்னொன்றும் கை கொடுத்தது. வீட்டுக்காரர் அந்த நேரம் விமானத்தில் இருந்தார். ஆனால் எந்த மருத்துவர், எவ்வளவு வரை கேட்காமலே செலவு செய்யலாம், ஆள் கிடைக்காவிட்டால் யார் முடிவெடுப்பது என்று மூன்று வரிகள் கையெழுத்தோடு வாங்கி வைத்திருந்தோம். இது இல்லாமல் எந்த வீட்டுச் சாவியையும் வாங்காதீர்கள்.

இந்த இடத்தில் முடித்துவிட்டால் அழகான கதை. குழந்தை பூனையைக் காப்பாற்றினாள், எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்காரர் நெகிழ்ந்துபோய் நீளமான செய்தி அனுப்பினார். பத்து நாள் கழித்து அப்பா என்னைக் கூப்பிட்டார். இரவு இரண்டு மணிக்கு மகள் எழுந்து டார்ச் அடித்து லிட்டர் பெட்டியைப் பார்க்கிறாள். ஒரு நாள் இல்லை, தினமும். நோட்டில் இரவு நேரங்கள் இருந்தன: 11.30, 2.00, 4.10.

"நான் பாக்கலைன்னா யார் பாப்பா?" என்று என்னைக் கேட்டாள். எட்டு வயதுக் குழந்தையிடம் அந்தக் கேள்வி வரும் அளவுக்கு நாங்கள் மூன்று பெரியவர்களும் அவளைப் புகழ்ந்திருந்தோம். பார்க்கிற வேலையைக் கொடுத்தபோது, அது எத்தனை மணிக்கு முடியும் என்பதைக் கொடுக்க மறந்திருந்தோம். கைவேலைக்கு முடிவு உண்டு, கிண்ணம் வைத்தால் தீர்ந்தது. கண்ணுக்கு அப்படி ஒரு முடிவு இல்லை. இந்த ஆறு வீடுகளில் வேறு எதைவிடவும் இந்தப் பத்து நாளைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன்.

செய்தது எளிய ஏற்பாடு. மாலை ஏழு மணிக்கு மகள் நோட்டை அம்மாவிடம் கொடுப்பாள். அம்மா அன்றைய பக்கத்தை அவள் முன்னாலேயே வாசித்து, கீழே கையெழுத்துப் போட்டு, தன் அறைக்குக் கொண்டு போய்விடுவார். இரவுக்கு அம்மா பொறுப்பு. முதல் மூன்று இரவும் எழுந்து வந்து அம்மாவின் கதவைத் தட்டி, "பாத்தியா?" என்று கேட்டாள். "பாத்தேன், 1.30க்கு" என்று அம்மா நோட்டைக் காட்டினார். உண்மையிலேயே பார்த்திருந்தார். நான்காம் இரவு தூங்கிவிட்டாள்.

விட்டுவிட்டுப் போவது

பெற்றோர் எல்லோரும் கேட்பது, புது வீட்டில் குழந்தைகள் பழகிக்கொள்வார்களா என்பதுதான். பழகிக்கொள்வார்கள். அடுத்தவர் வீட்டுச் சாமானைத் தொடாமலிருப்பார்களா? ஓரளவு. முதல் நாளே ஒவ்வொரு அறையையும் படமெடுத்து வைத்து, உடையக்கூடியவற்றை அலமாரி மேல் ஏற்றிவிட்டு, உடைந்தால் அன்றே சொல்லிவிட வேண்டும், திட்டு கிடையாது என்று பேசி வைத்தால் போதும். ஆறு வீடுகளில் உடைந்தது ஒரு கோப்பை. வீட்டுக்குள் கேமரா இருக்கிறதா, எங்கே என்று குழந்தைகளை முன்னிட்டுக் கட்டாயம் கேட்க வேண்டும்.

கடினம் கிளம்புவதில்தான். ஐந்தாம் வீட்டில் 13 வயது நாய் ஒன்று. பாதி செவிடு. பையனின் காலடியிலேயே படுத்துக்கிடந்தது. 12 நாள் என்றால் அவனுக்கு அளவு தெரியவில்லை என்பதால் அப்பா 12 கூழாங்கற்களை ஒரு டப்பாவில் போட்டு, தினம் ஒன்றை வெளியே எடுக்க வைத்தார். மூன்று கல் மிச்சமிருந்தபோது கேள்வி வந்தது: "நாம போயிட்டா, விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு அது நினைக்கும்ல?"

அம்மா சொன்ன பதில்: "திரும்ப வருவோம்டா கண்ணு." வரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததும் சண்டையே போட்டேன். கிளம்புகிற அன்று நாயிடம் உண்மையைச் சொல்லலாம், புரியாது. பையனிடம் பொய் சொன்னால், அடுத்த வீட்டிலும் கதவருகே உட்கார்ந்திருப்பான். கடைசியில் அப்பாதான் சொன்னார், நாம் வர மாட்டோம், அதனுடைய ஆட்கள் வருவார்கள் என்று.

வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர்கள் வந்த பிறகு ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்ப ஏற்பாடு செய்தோம். நாய் தன் ஆட்களிடம் போய்ச் சேர்வதைப் பார்த்தால் பையனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நான் கணக்குப் போட்டேன். கார்ச் சத்தம் கேட்காத அந்தக் கிழட்டு நாய், கதவு திறந்ததும் வாசனை பிடித்து, இடுப்பு ஆடி ஆடி, முனகிக்கொண்டு ஓடியது. பையனைத் திரும்பியும் பார்க்கவில்லை. காரில் அவன் கடகடவென்று அழுதான். "என்னை மறந்துடுச்சு." அரை மணி கழித்து, "அதோட அம்மா வந்தா அப்படித்தானே பண்ணும்" என்று தானே சொல்லிக்கொண்டான். என் கணக்கு பலித்தது என்று சொல்ல மாட்டேன். அந்த அழுகையை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அடுத்த குடும்பத்துக்கும் அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்கச் சொல்வேன்.

நான்கு மாதம் கழித்து வீட்டுக்காரரிடமிருந்து செய்தி வந்தது, நாய் இறந்துவிட்டது என்று. சொல்வதா வேண்டாமா என்று பெற்றோர் ஒரு வாரம் தவித்தார்கள். சாவு என்றால் திரும்பி வராது, எல்லோருக்கும் உண்டு, உடம்பு நின்றுவிடும் என்பதெல்லாம் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பிடிபடத் தொடங்கும். அந்த வயதில் "தூங்கிவிட்டது" என்று சொன்னால் தூக்கத்தைக் கண்டு பயப்படுவார்கள். அம்மா "செத்துப்போச்சு" என்ற சொல்லையே பயன்படுத்தினார். பையன் கேட்டது ஒன்றுதான்: "அப்ப அதோட அம்மா கூட இருந்தாங்களா?" இருந்தார்கள்.

ஆறாம் வீடு, ஒரு பூனை, ஒன்பது நாள். எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை.

மகளின் மேசை

பெற்றோரின் திட்டம் இதையே முழுநேர வாழ்க்கையாக்குவது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, வீடு விட்டு வீடு, நாடு விட்டு நாடு. நான் இரண்டு தடைகளை முன்வைத்தேன். ஒன்று, பணம் வாங்காவிட்டாலும், தங்குமிடத்துக்குப் பதிலாகச் செய்யும் இதைச் சில நாடுகளின் குடியேற்ற அதிகாரிகள் வேலை என்றே எடுத்துக்கொள்வார்கள். சுற்றுலா விசாவில் போய் நிற்கும்போது குழந்தைகள் பக்கத்தில் இருப்பார்கள். இரண்டு, வீட்டிலேயே படிப்பது எல்லா நாட்டிலும் செல்லாது. ஜெர்மனியில் அங்கே வசிக்கும் குழந்தை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும்.

இவற்றை விசாரித்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று அவர்கள் தயாராக இருந்தார்கள். தடுத்தது மகள். ஒன்பது வயது நிறைந்திருந்தது அப்போது. "ஒவ்வொரு வீட்டுலயும் வேற ஒருத்தரோட மேசையில உக்காந்து படிக்கிறேன். அவங்க பேனா, அவங்க போட்டோ. நான் எதையும் நகர்த்தக் கூடாது. எனக்கு என் மேசை வேணும்." பையனோ நாளைக்கே மூட்டை கட்டத் தயார். ஒரு குழந்தைக்குச் சரி, ஒரு குழந்தைக்குச் சரியில்லை என்றால் அந்தக் குடும்பத்துக்குச் சரியில்லை என்றே எனக்குப் பட்டது. நான்கு பேரில் யார் வேண்டாம் என்றாலும் அந்த வீடு வேண்டாம் என்ற விதியை முதல் நாளே போட்டிருந்தோம். அதைப் போடும்போது ஒரு தனி வீட்டை மனதில் வைத்துதான் சொன்னோம், வாழ்க்கைமுறையையே ஒன்பது வயது ரத்து செய்யும் என்று எதிர்பார்க்கவில்லை. அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல் இருக்கிறது. விதி விதிதான்.

இப்போது விடுமுறையில் வருடத்துக்கு இரண்டு வீடு. மற்ற நாட்களில் சொந்த வீடு. நாய் வேண்டும் என்ற பேச்சு நின்றுவிட்டதா என்றால், இல்லை. முன்பு "வேணும்" என்று கேட்டவர்கள் இப்போது, "நாம ஊருக்குப் போனா அதை யார் பாத்துக்குவாங்க?" என்று அவர்களே இழுக்கிறார்கள். அந்த விவாதம் முடிந்தபாடில்லை.

சென்ற விடுமுறைக்கு அவர்கள் கிளம்பியபோது, அவர்கள் வீட்டில் தங்க ஒருவர் வந்தார். பிராணி எதுவும் இல்லை, பால்கனியில் பதினோரு தொட்டிச் செடிகள் மட்டும். அம்மா ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் டைப் செய்து வைத்திருந்தார். அதற்கு மேல் மகள் தன் நோட்டை வைத்துவிட்டுப் போனாள். குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் பாதி வரைதான் நகரும், கதவைத் தூக்கிப் பிடித்துத் தள்ள வேண்டும். என் மேசையில் நீங்கள் உட்காரலாம், பென்சில் டப்பாவைத் திறக்காதீர்கள். இரவில் சமையலறையில் டக் டக் என்று கேட்பது குழாய், பயப்பட வேண்டாம். பிறகு செடிகளுக்காகக் கோடு போட்ட ஒரு பக்கம். எப்போது, எந்தத் தொட்டி, எவ்வளவு. நான்காவது பத்திக்கு மேலே, சிவப்பில், அடிக்கோட்டோடு: யார் ஊற்றியது?

வந்திருந்தவர் தனி ஆள். பன்னிரண்டு நாளும் தன் பெயரையே எழுதி வைத்திருந்தார்.